இன்ஜின் தட்டுகிறது, இழுவை குறைகிறது: குற்றம் பெட்ரோலிலா, வண்டியிலா?

வண்டியில் ஏதாவது சத்தம் வந்தாலே "பெட்ரோல் சரியில்லை, பிரீமியம் போட்டுப் பாருங்க" என்று சொல்வது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. சில நேரம் அது சரியான யோசனைதான். பல நேரம், லிட்டருக்குச் சில ரூபாய் கூடுதலாகக் கொடுத்து உண்மையான கோளாறை மூடி வைத்துவிட்டு மாதக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். ஆக்டேன் எதைச் சரிசெய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்தால் காசு மிச்சம், பிஸ்டனும் பிழைக்கும். அதனால் இங்கே அறிகுறியிலிருந்து தொடங்கிக் காரணத்தைத் தேடிப் போகிறேன். உங்கள் வண்டியில் என்ன தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.

எதையும் தொடுவதற்கு முன்: உங்கள் வண்டி கேட்பது எந்த எண்?

ஆக்டேன் எண் பெட்ரோலின் பலத்தைச் சொல்வதில்லை, பொறுமையைச் சொல்கிறது. சிலிண்டருக்குள் பிளக் பொறி விட்டதும் தீ ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பரவுகிறது. அது போய்ச் சேரும் வரை, எதிர்ப்பக்கத்தில் இருக்கும் கலவை அழுத்தத்தையும் சூட்டையும் தாங்கிக் காத்திருக்க வேண்டும். காத்திருக்காமல் தானாகவே வெடித்துவிட்டால் அதுதான் நாக்கிங். ஐசோ ஆக்டேனுக்கு 100, என்-ஹெப்டேனுக்கு 0 என்று வைத்து, அந்த அளவுகோலில் பெட்ரோல் எங்கே நிற்கிறது என்று சோதனை இன்ஜினில் ஓட்டிப் பார்த்துக் கொடுக்கும் எண்தான் ஆக்டேன். ஒரு லிட்டரில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எத்தனாலின் ஆக்டேன் 108-க்கு மேல். ஆனால் லிட்டருக்கு அது தரும் ஆற்றல் பெட்ரோல் தருவதில் மூன்றில் இரண்டு பங்குதான்.

இன்ஜினை வடிவமைப்பவர்கள் ஒரு குறிப்பிட்ட எண்ணை மனதில் வைத்துத்தான் கம்ப்ரஷன் விகிதத்தையும் (கலவையை எத்தனை மடங்கு அமுக்குவது) இக்னிஷன் டைமிங்கையும் (பிளக் எந்த நொடியில் பொறி விடுவது) முடிவு செய்கிறார்கள். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-இல் கம்ப்ரஷன் 9.5:1. யமஹா ஆர்15-இல் 11.6:1. மாருதியின் 1.2 லிட்டர் டூயல்ஜெட் இன்ஜினில் 12:1. 'பன்னிரண்டா, அப்படியானால் 95 போட்டே ஆக வேண்டும்' என்று கணக்குப் போடாதீர்கள். கலவை நுழையும் வால்வு, புகை வெளியேறும் வால்வு இரண்டின் டைமிங்கும் மாறுவது, குளிர்வித்த புகையைத் திருப்பி உள்ளே விடுவது போன்ற ஏற்பாடுகளைச் செய்து, இந்தியாவில் கிடைத்த 91-லேயே ஓடும்படி அமைத்த இன்ஜின் அது. கம்ப்ரஷன் விகிதத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. டேங்க் மூடியின் உட்பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரும் ஓனர் மேனுவலும் சொல்வதே தீர்ப்பு. சில வண்டிகளில் இரண்டு எண்கள் இருக்கும்: ஒன்று பரிந்துரை, மற்றொன்று குறைந்தபட்சம். குறைந்தபட்சத்தில் வண்டி கெடாது, ஆனால் முழு இழுவை கிடைக்காது.

இந்த இடத்தில் பலர் தடுக்கி விழுகிறார்கள். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், ஐரோப்பா எல்லாம் ஆர்.ஓ.என். (ரிசர்ச் ஆக்டேன் நம்பர்) என்ற அளவைப் பயன்படுத்துகின்றன. இலங்கையில் 92, 95 என்பதும் மலேசியாவில் 95, 97 என்பதும் அதுதான். அமெரிக்கப் பெட்ரோல் பங்கில் எழுதியிருக்கும் எண் வேறு முறை: ஆர்.ஓ.என்., இன்னும் கடுமையான சோதனையில் வரும் எம்.ஓ.என். (மோட்டார் ஆக்டேன் நம்பர்) இரண்டின் சராசரி. அமெரிக்காவின் 87 ஏறக்குறைய நம் 91. அங்கே 91 என்பது இங்கே 95-ஐ ஒட்டி வரும். அமெரிக்க விமர்சன வீடியோவில் "இந்த வண்டிக்கு 91 வேண்டும்" என்று கேட்டுவிட்டு இங்கே 91 ஆர்.ஓ.என். போதும் என்று நினைத்தால் தவறாகிவிடும்.

இன்னொரு விஷயமும் மாறியிருக்கிறது. பி.எஸ்.6 புகைக் கட்டுப்பாட்டு விதிகள் 2020 ஏப்ரலில் வந்தபோது சாதா பெட்ரோலுக்குக் குறைந்தபட்சம் 91, பிரீமியத்துக்கு 95. இப்போது பங்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த இ20. எத்தனால் ஆக்டேனை ஏற்றிவிடுவதால் இ20-க்கான இந்தியத் தர விதி 95 ஆர்.ஓ.என். கேட்கிறது. ஆக, சாதாவாகப் போடுவதே ஏறக்குறைய 95-இல் வந்து நிற்கிறது. சாதாவை விட்டு 95 பிரீமியத்துக்கு மாறினால் நாக்கிங் போய்விடும் என்ற பழைய அறிவுரைக்கு இதனால் வலு குறைந்துவிட்டது. பிரீமியத்தில் இன்ஜெக்டர், வால்வு அழுக்கை நீக்கும் சேர்மானங்கள் இருக்கும், அந்தப் பலன் தனி. 100 ஆக்டேன் என்பது வேறு வகை. அதற்கென்றே டியூன் செய்த சூப்பர் பைக், ஸ்போர்ட்ஸ் கார் இல்லாதவர்களுக்கு அது தேவைப்படாது.

ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் 'கிணுகிணு' என்று தட்டுகிறது

தகர டப்பாவில் கோலிக்குண்டைப் போட்டுக் குலுக்கிய மாதிரி சத்தம். ஏற்றத்தில், சுமையோடு, ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது வரும். காலை எடுத்தால் உடனே நிற்கும். இந்த இரண்டும் பொருந்தினால் அது நாக்கிங்தான். மெக்கானிக்குகள் பிங்கிங் என்றும் சொல்வார்கள்.

முதலில் பார்க்க வேண்டியது உங்கள் ஓட்டும் முறை. கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளிலோ கொல்லிமலையின் 70 வளைவுகளிலோ நான்கு பேரோடும் ஏசியோடும் மூன்றாவது கியரில் இழுக்க விட்டால் நல்ல இன்ஜினும் தட்டும். ஆர்.பி.எம். குறைவாக இருக்கும்போது பிஸ்டன் மெதுவாக நகர்கிறது. கலவை தானாக வெடிக்க அதிக நேரம் கிடைக்கிறது. ஆக்சிலரேட்டர் முழுக்கத் திறந்திருப்பதால் அழுத்தமும் உச்சத்தில். ஒரு கியர் இறக்குங்கள். சத்தம் அங்கேயே நின்றுவிட்டால் வண்டியில் பெரிய கோளாறு இல்லை.

மலை ஏறுகிறவர்கள் கவனிக்க ஒன்று. அடிவாரத்தில் தட்டிய வண்டி ஊட்டிக்குப் போனதும் அமைதியாகிவிடும். 2200 மீட்டர் உயரத்தில் காற்று மெல்லியது, சிலிண்டருக்குள் நிரம்பும் அழுத்தம் குறைவு, ஆக்டேன் தேவையும் குறைவு. மேலே போனதும் சரியாகிவிட்டது என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள்; இறங்கி வந்ததும் திரும்ப வரும்.

கியர் இறக்கியும் தட்டுகிறது என்றால், சூட்டைப் பாருங்கள். கத்திரி வெயிலில் மட்டும் வருகிறதா? கூலன்ட் அளவு சரியா, ரேடியேட்டர் விசிறி சுற்றுகிறதா, ரேடியேட்டர் முகத்தில் பூச்சியும் மண்ணும் அடைத்திருக்கிறதா? இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது, ஆறிய பிறகுதான். காற்றால் குளிரும் பைக்குகளில் சிலிண்டர் இறக்கைகளுக்கு இடையே சேறு காய்ந்து கிடந்தாலே போதும், சூடு ஏறிவிடும். ஆயில் அளவையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது ஸ்பார்க் பிளக். இது மலிவானது, வீட்டிலேயே செய்யலாம், நிறையச் செய்தி சொல்லும். இன்ஜின் ஆறிய பிறகு கழற்றிப் பாருங்கள். பீங்கான் இளம் பழுப்பாக இருந்தால் நலம். சுண்ணாம்பு வெள்ளையாக, கொப்புளம் விட்ட மாதிரி இருந்தால் கலவையில் பெட்ரோல் குறைவு அல்லது பிளக் அளவுக்கு மீறிச் சூடாகிறது. பீங்கானில் மிளகுத்தூள் போலக் கறுப்புப் புள்ளிகளோ மினுமினுக்கும் அலுமினியத் துகள்களோ தெரிந்தால், நாக்கிங் பிஸ்டனைத் தின்னத் தொடங்கிவிட்டது. அந்த நிலையில் வண்டியை ஓட்டாதீர்கள்.

பிளக்கின் சூட்டு எண்ணையும் மேனுவலோடு ஒப்பிடுங்கள். என்.ஜி.கே. பிளக்கில் எண் ஏற ஏறக் குளிர்ந்த பிளக், அதாவது சூட்டை வேகமாக வெளியேற்றும் பிளக். போஷ் பிளக்கில் அது தலைகீழ். கடையில் இருந்ததை வாங்கி மாட்டும்போது இந்தத் தலைகீழ் தெரியாமல் சூடான பிளக் மாட்டப்பட்டு, அதனாலேயே தட்டும் வண்டிகள் உண்டு.

பிளக் நன்றாக இருந்தால் கார்பன் படிவைச் சந்தேகிக்கலாம். தினமும் நாலைந்து கிலோமீட்டர் மட்டும் ஓடி, முழுச் சூடு அடையாமலே அணைக்கப்படும் வண்டிகளில் பிஸ்டன் தலையிலும் வால்வுகளிலும் கரி சேர்கிறது. கரி இடத்தைப் பிடித்துக்கொள்வதால் கம்ப்ரஷன் விகிதம் கூடிவிடும்; அது சூட்டையும் பிடித்து வைக்கும். புதிதில் 91-இல் அமைதியாக ஓடிய வண்டி சில வருடம் கழித்துத் தட்டுவதற்கு இது பொதுவான காரணம். சேர்மானம் உள்ள பெட்ரோலைச் சில டேங்க் போட்டு, நெடுஞ்சாலையில் நல்ல வேகத்தில் ஓட்டினால் ஓரளவு குறையும். மிஞ்சியதற்கு மெக்கானிக்கிடம் டீகார்பன் செய்யச் சொல்ல, அதாவது கரியை எடுக்கச் சொல்ல வேண்டும். ஆயில் குடிக்கும் வண்டியாக இருந்தால் அதையும் சரிசெய்தாக வேண்டும். எரியறைக்குள் கசியும் ஆயில் பெட்ரோலின் ஆக்டேனைக் கீழே இழுத்துவிடும். கரியையும் திரும்ப உண்டாக்கும்.

இன்னும் தட்டினால் மெக்கானிக்கின் வேலை. வேக்கம் குழாய் கசிவு, ஃப்யூயல் பம்ப் அழுத்தம் குறைவு, இன்ஜெக்டர் அடைப்பு: இவை எல்லாம் கலவையில் பெட்ரோலைக் குறைத்துச் சூடாக்குகின்றன. புகையைத் திருப்பி உள்ளே விடும் ஈ.ஜி.ஆர். வால்வு மூடியபடி சிக்கிக்கொண்டாலும் தட்டும். பழைய வண்டி என்றால் டைமிங் முன்னே தள்ளி வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

வெளியே சி.என்.ஜி. கிட் மாட்டிய கார்களுக்கு ஒரு தனிச் சோதனை உண்டு. சி.என்.ஜி.யின் ஆக்டேன் 120-ஐத் தொடும், எரிவதும் மெதுவாக. அதனால் டைமிங்கை முன்னே தள்ளும் ஒரு சிறு பெட்டியைச் சில கிட்களில் சேர்ப்பார்கள். பெட்ரோலுக்கு மாறும்போது அந்தப் பெட்டி அணையாவிட்டால் பெட்ரோலில் மட்டும் தட்டும், கேஸில் தட்டாது. அப்படி இருந்தால் பெட்ரோலைக் குறை சொல்வதை விட்டுவிட்டுக் கிட் மாட்டியவரிடம் போங்கள்.

எந்தப் பெட்ரோல் போட்டாலும் சத்தம் போகவில்லை

அப்படியானால் அது நாக்கிங்காக இல்லாமலும் போகலாம். வண்டியை நிறுத்திவிட்டு நியூட்ரலில் ஆக்சிலரேட்டரை லேசாகத் திருகுங்கள். சுமையே இல்லாமல் சத்தம் வந்தால் ஆக்டேனுக்கு அதில் பங்கு இல்லை. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் சில விநாடி வந்து நிற்பது பெரும்பாலும் டைமிங் செயின் டென்ஷனர் அல்லது ஆயில் மேலே ஏறத் தாமதம். ஆர்.பி.எம்.மோடு சேர்ந்து சீராக 'டிக் டிக்' என்று வருவது வால்வைத் தள்ளும் டேப்பட். அடியிலிருந்து கனமாக 'டங் டங்' என்று வந்தால் கனெக்டிங் ராட் பேரிங். அதற்கு வண்டியை அங்கேயே நிறுத்தி, தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். புகைக்குழாய் மேலுள்ள தகரக் கவசம் தளர்ந்து அதிர்வதும் நாக்கிங் போலவே ஏமாற்றும். ஆறிய பிறகு கையால் ஆட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சத்தம் இல்லை, ஆனால் பிக்கப் செத்துவிட்டது

இன்றைய கார்களில் நாக்கிங் பல நேரம் காதில் விழாது. இன்ஜின் பிளாக்கில் திருகியிருக்கும் நாக் சென்சார் அந்த அதிர்வைப் பிடித்துச் சொல்ல, இன்ஜினை ஆளும் கணினியான இ.சி.யூ. டைமிங்கைச் சில டிகிரி பின்னுக்கு இழுத்துவிடும். தட்டல் நிற்கும், இழுவையும் குறையும். 95 கேட்கும் டர்போ காரில் ஆக்டேன் குறைந்த பெட்ரோல் போட்டால் நடப்பது இதுதான். பிரீமியம் போட்டதும் "வண்டி பறக்குது" என்று சிலர் சொல்வதில் உண்மை இருப்பதும் இந்த மாதிரி வண்டிகளில்தான்: பெட்ரோல் புதிதாகச் சக்தி எதையும் கொடுக்கவில்லை, இ.சி.யூ. பின்னுக்கு இழுத்ததைத் திருப்பிக் கொடுக்கிறது.

சோதிக்கும் முறை எளிது. டேங்க் காலியாகும் நிலையில் மேனுவல் பரிந்துரைக்கும் எண்ணுள்ள பெட்ரோலை முழுக்க நிரப்பி, அதே சாலையில், அதே மாதிரி வெயிலில், ஒரு டேங்க் முழுக்க ஓட்டிப் பாருங்கள். இ.சி.யூ. மெதுவாகத்தான் டைமிங்கை முன்னே கொண்டுபோகும், முதல் ஐந்து கிலோமீட்டரில் முடிவு சொல்லாதீர்கள். இழுவை திரும்பினால் பெட்ரோல்தான் காரணம். திரும்பாவிட்டால் ஏர் ஃபில்டர், கிளட்ச் வழுக்கல், டர்போ குழாய்க் கசிவு, புகைக்குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் அடைப்பு என்று வேறு பக்கம் தேட வேண்டும். காரின் ஸ்கேனர் சாக்கெட்டில் செருகும் இ.எல்.எம்.327 வகை புளூடூத் டாங்கிள் இருந்தால், ஏற்றத்தில் போகும்போது இக்னிஷன் டைமிங் எப்படி இறங்குகிறது என்பதை போனிலேயே பார்க்கலாம். பார்ப்பது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் வேலை.

நூறு, நூற்றிருபத்தைந்து சி.சி. பைக்குகளில் பெரும்பாலும் நாக் சென்சார் கிடையாது. டைமிங் மேப் நிலையானது. அவற்றில் தேவைக்கு மேல் ஆக்டேன் போட்டால் எதுவும் கூடாது. குறைந்தால் பின்னுக்கு இழுக்கவும் ஆள் இல்லை, அதனால் அந்த வண்டிகளில் சத்தத்தை நீங்களே காதால் பிடித்தாக வேண்டும்.

செக் இன்ஜின் விளக்கு எரிகிறது

கோளாறுக் குறியீட்டை (எரர் கோட்) ஸ்கேனரில் படிக்காமல் எதையும் மாற்ற வேண்டாம். பி0325, பி0327, பி0328 ஆகியவை நாக் சென்சாரின் மின்சுற்றில் பழுது என்று சொல்லும் குறியீடுகள். இன்ஜின் தட்டுகிறது என்று அவை சொல்லவில்லை. எலி கடித்த வயர், துருப்பிடித்த கனெக்டர், சரியான இறுக்கத்தில் திருகாத சென்சார் போல்ட் என்பவையே வழக்கமான காரணங்கள். அந்த போல்ட்டுக்கு இறுக்கம் குறைந்தாலும் கூடினாலும் சென்சார் சரியாகக் கேட்காது. மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கச் சொல்லுங்கள், கூடுதல் வாஷர் வைக்க விடாதீர்கள். சென்சார் பழுதானால் இ.சி.யூ. பாதுகாப்புக்காக டைமிங்கைப் பின்னே வைத்துக்கொள்ளும், அதனால் எந்தப் பெட்ரோல் போட்டாலும் வண்டி மந்தமாகவே இருக்கும்.

பி0171 என்றால் கலவையில் பெட்ரோல் போதவில்லை. பி0300 தொடங்கிப் பி0301, பி0302 என்று வந்தால் மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் கலவை சரியாகப் பற்றவில்லை. விளக்கு நிலையாக எரியாமல் விட்டு விட்டு மின்னினால் வேகத்தைக் குறைத்து ஓரங்கட்டுங்கள். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் அதைச் சுட்டுவிடும்.

டர்போ காரில் எப்போதாவது ஒரே ஒரு பலத்த அடி

நாக்கிங் போலத் தொடர்ந்து வராது. குறைந்த ஆர்.பி.எம்.மில், உயர்ந்த கியரில், முழுக்க மிதிக்கும்போது சுத்தியலால் ஒன்றிரண்டு அடி. சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோலைப் பீச்சும் நேரடி இன்ஜெக்ஷன் உள்ள சிறு டர்போ இன்ஜின்களில் இது வருகிறது. பிளக் பொறி விடுவதற்கு முன்பே, எரியறைக்குள் வந்த ஆயில் துளியோ கரித்துகளோ கலவையைப் பற்றவைத்துவிடுகிறது. ஆக்டேனை ஏற்றினால் இது அவ்வளவாகக் குறையாது, ஆனால் ஒரே அடியில் பிஸ்டன் உடைந்த கதைகள் உண்டு. ஆயில்தான் இங்கே மருந்து: 2020-இல் வந்த ஏ.பி.ஐ. எஸ்.பி. தரம் இந்தக் கோளாறையும் கணக்கில் எடுத்தது. ஆயில் டின்னில் அந்த எழுத்துகள் இருக்கின்றனவா, மேனுவல் கேட்கும் தடிமனா என்று பாருங்கள். 1500 ஆர்.பி.எம்.மில் ஐந்தாவது கியரில் முழுக்க மிதிக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

மைலேஜ் குறைந்துவிட்டது

இதற்கு ஆக்டேனைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை, எத்தனாலைக் கேட்கலாம். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 32 மெகாஜூல் ஆற்றல், எத்தனாலில் 21. இருபது சதவீதம் கலந்தால் லிட்டருக்கு ஆறேழு சதவீதம் குறையும். பத்து சதவீதத்திலிருந்து இருபதுக்குப் போனால் அதில் பாதி. 2021-இல் நிதி ஆயோக் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையும், கலப்பில்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து இ10-க்கு (10 சதவீத எத்தனால் கலந்தது) டியூன் செய்த கார்களில் 6 முதல் 7 சதவீதம், இரு சக்கர வண்டிகளில் 3 முதல் 4 சதவீதம் குறையும் என்று மதிப்பிட்டது. இ10-க்கு வடிவமைத்து இ20-க்கு டியூன் செய்த கார்களில் 1 முதல் 2 சதவீதம்.

டேங்க் நிறைய ஒரே பங்கில் நிரப்பி, கிலோமீட்டர் குறித்து, திரும்ப நிரப்பும்போது கணக்குப் போடுங்கள். மீட்டரில் காட்டும் மைலேஜை நம்ப வேண்டாம். லிட்டருக்கு 18 கொடுத்த கார் 17 கொடுத்தால் அது எத்தனால் கணக்குக்குள் அடங்கும். 14-க்கு வந்துவிட்டால் அடங்காது: டயர் காற்று, உரசும் பிரேக், ஆக்சிஜன் சென்சார், திறந்தபடி சிக்கிய தெர்மோஸ்டாட் என்று வரிசையாகப் பாருங்கள்.

கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இங்கே கூடுதல் வேலை. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் அதே ஜெட்டில் (பெட்ரோல் வரும் சிறு துளை) கலவை மெலிந்துவிடும். இன்ஜெக்ஷன் வண்டி ஆக்சிஜன் சென்சாரைக் கேட்டு ஈடுகட்டிக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அந்தக் காது இல்லை. சோக் போடாமல் ஸ்டார்ட் ஆகாது, ஆக்சிலரேட்டரைத் திறந்ததும் தயங்கும், பிளக் வெளுத்துப்போகும். நல்ல மெக்கானிக்கிடம் மிக்ஸ்சர் ஸ்க்ரூவைச் சரிசெய்து, தேவைப்பட்டால் ஒரு அளவு பெரிய ஜெட் போடச் சொல்லுங்கள். ரப்பர் குழாய்கள், ஓ-ரிங்குகள் உப்பியோ விறைத்தோ போயிருந்தால் எத்தனால் தாங்கும் வகையில் மாற்றிவிடுங்கள். ஆர்.எக்ஸ்.100 போன்ற பழைய வண்டிகளின் கம்ப்ரஷன் 7-ஐக்கூடத் தொடாது. அவற்றுக்கு ஆக்டேன் ஒரு பிரச்சினையே இல்லை, கலவையும் ரப்பரும்தான் பிரச்சினை.

சாவியை அணைத்த பிறகும் இன்ஜின் உதறிக்கொண்டு ஓடுகிறது

கார்புரேட்டர் வண்டிகளுக்கே உரிய கோளாறு. எரியறையில் கனன்றுகொண்டிருக்கும் கரியோ சூடான பிளக்கோ பொறியின் வேலையைத் தானே செய்கிறது. ஐடில் வேகத்தைக் குறைப்பது, சரியான பிளக் போடுவது, கரியை எடுப்பது என்ற வரிசையில் போனால் சரியாகிவிடும். இன்ஜெக்ஷன் வண்டியில் இப்படி நடந்தால் எங்கோ இன்ஜெக்டர் ஒழுகுகிறது.

மழைக்குப் பிறகு, அல்லது நெடுநாள் நிறுத்தி வைத்த பிறகு தடுமாறுகிறது

எத்தனால் தண்ணீரை இழுக்கும். கொஞ்சம் தண்ணீர் கலந்தாலும் கரைந்து எரிந்துபோகும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவது அடியிலிருந்துதான், அதனால் ஸ்டார்ட் ஆகாது, ஸ்டார்ட் ஆனாலும் குதித்துக் குதித்து ஓடும். பலருக்குத் தெரியாத ஒன்று, மேலே மிஞ்சும் பெட்ரோலின் ஆக்டேனும் குறைந்துவிடும். ஆக்டேனைத் தூக்கிப் பிடித்திருந்த எத்தனால் அதை விட்டுப் போய்விட்டதே. பெட்ரோலியம் அமைச்சகம் 2025 ஆகஸ்டில் கொடுத்த விளக்கத்தில் எத்தனாலின் ஆக்டேன் 108.5 என்றும் பெட்ரோலின் ஆக்டேன் 84.4 என்றும் சொன்னது. எவ்வளவு எத்தனால் பிரிகிறதோ அவ்வளவு கீழே போகும்.

சோதனை: காற்றோட்டமான வெளியிடத்தில், பக்கத்தில் தீயோ சிகரெட்டோ இல்லாமல், டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலை உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தனி அடுக்கு தெரிந்தால் டேங்கை முழுக்க இறக்கிச் சுத்தம் செய்தே ஆக வேண்டும். மேலே புதுப் பெட்ரோல் ஊற்றிச் சரிக்கட்ட முடியாது. இதைச் சோதிக்க நீங்கள் பாட்டிலில் தண்ணீர் ஊற்றக் கூடாது. தண்ணீர் ஊற்றிக் குலுக்கினால் எந்த எத்தனால் பெட்ரோலும் பிரியும். பெட்ரோலில் இருந்த எத்தனால் முழுக்கத் தண்ணீர்ப் பக்கம் வந்து கீழடுக்கு பெரிதாகத் தெரியும். 'பாருங்கள், பாதி தண்ணீர்' என்று பரவும் வீடியோக்கள் பல இப்படி எடுத்தவைதான்.

ஒரு மாதத்துக்கு மேல் வண்டியை எடுக்கப்போவதில்லை என்றால் இன்ஜெக்ஷன் வண்டியில் டேங்கை நிரப்பி வையுங்கள், ஈரக்காற்றுக்கு இடம் இருக்காது. கார்புரேட்டர் வண்டியில் கார்புரேட்டர் கிண்ணத்தைக் காலி செய்துவிடுங்கள்.

தப்பான பெட்ரோல் போட்டுவிட்டேன். அல்லது பங்கின் மேல் சந்தேகம்

95 கேட்கும் வண்டிக்கு, 91 விற்கும் இடத்தில் அதைப் போட்டுவிட்டால் டேங்கை இறக்க வேண்டியதில்லை. முழுக்க மிதிக்காமல், கியரை முன்கூட்டியே இறக்கி ஓட்டி, பாதி காலியானதும் உயர்ந்ததை நிரப்புங்கள். பாதிக்குப் பாதி கலந்தால் ஏறக்குறைய 93 வரும். பெட்ரோல் வண்டியில் டீசல் போட்டுவிட்டால் கதையே வேறு: டீசலின் ஆக்டேன் மிகக் கீழே. சாவியைத் திருப்பாதீர்கள், தள்ளி ஓரங்கட்டி டேங்கை இறக்கச் சொல்லுங்கள்.

ஒரு பங்கில் போட்ட பிறகே தட்டத் தொடங்கி, வேறு பங்கில் நிரப்பியதும் நின்றால் கலப்படத்தைச் சந்தேகிக்கலாம். மண்ணெண்ணெயின் ஆக்டேன் மிகக் குறைவு, கொஞ்சம் கலந்தாலே தட்டும். பங்கில் ஃபில்டர் பேப்பர் சோதனை கேட்பது உங்கள் உரிமை. அடர்த்தியையும் ஐந்து லிட்டர் அளவுக் குவளையையும் காட்டச் சொல்லலாம். இவற்றில் எதுவும் ஆக்டேனைக் காட்டாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஃபில்டர் பேப்பரில் கறை விழாத, அடர்த்தியும் 720-க்கும் 775-க்கும் இடையே நிற்கும் பெட்ரோல்கூட ஆக்டேன் குறைந்ததாக இருக்கலாம், அதை ஆய்வகம்தான் சொல்ல முடியும். அதனால் பில்லை வைத்துக்கொண்டு, தேதியும் நேரமும் பம்ப் எண்ணும் குறித்து, எண்ணெய் நிறுவனத்தின் புகார் எண்ணில் பதிவு செய்யுங்கள். மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு.

பூஸ்டர் ஊற்றலாமா?

கடையில் விற்கும் ஆக்டேன் பூஸ்டர் பாட்டில்களில் பலவற்றில் எம்.எம்.டி. என்ற மாங்கனீசுச் சேர்மம் இருக்கும். ஆக்டேனைக் கொஞ்சம் ஏற்றும், ஆனால் பிளக்கில் செம்மண் நிறத்தில் படிந்து, நாளடைவில் பிளக்கையே மிஸ் ஆக வைக்கும். பங்கில் 95-உம் 100-உம் கிடைக்கும் ஊரில் இதற்குத் தேவை இல்லை. அந்துருண்டையை டேங்கில் போடும் பழக்கத்தை மட்டும் யாராவது சொன்னால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். நாப்தலீன் கரைந்து, குளிர்ந்ததும் குழாயிலும் ஜெட்டிலும் படிகமாக அடைக்கும். இப்போது விற்கும் உருண்டைகளில் பல நாப்தலீனே கிடையாது, குளோரின் உள்ள வேறு வேதிப்பொருள். எரிந்தால் அமிலம் உண்டாகி சிலிண்டரையும் கன்வெர்ட்டரையும் அரிக்கும். ஏற்கெனவே போட்டுவிட்டிருந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் டேங்கை இறக்கி, ஃபில்டரை மாற்றி, புதுப் பெட்ரோலால் குழாய்களைக் கழுவிவிட்டு எடுங்கள்.